டேட்டா மாடல் வரையும் ஏஐ டூலுக்கு வருடச் சந்தா கட்டலாமா?

கேள்வி: தாராவியில் தோல் பை பட்டறை வைத்திருக்கிறேன். கணக்கெல்லாம் நோட்டிலும் எக்செலிலும்தான். எங்களுக்கு சாஃப்ட்வேர் எழுதித் தர வந்திருக்கும் தம்பி, "முதலில் டேட்டா மாடல் வேண்டும். தொழிலைப் பற்றி நாலு வரி சொன்னால் ஏஐ படமாகவே போட்டுத் தரும் டூல் இருக்கிறது, வருடச் சந்தா கட்டிவிடுங்கள்" என்கிறார். விலை டாலரில் இருக்கிறது. கட்டலாமா ஐயா?

பதில்: வருடத்துக்கு வேண்டாம். ஒரு மாதம் எடுங்கள், போதும். டேட்டா மாடல் என்பது வீட்டு பிளான் மாதிரி. ஒரு தடவை ஒழுங்காகப் போட்டுவிட்டால், அப்புறம் எப்போதாவது ஒரு சுவரை நகர்த்துவதோடு சரி.

வாடிக்கையாளர், ஆர்டர், சரக்கு, பில் என்று ஆளுக்கொரு கட்டம், எது எதோடு சேரும் என்று கோடுகள். 1976-ல் பீட்டர் சென் என்ற கணினி அறிஞர் எழுதி வைத்த முறைதான். ஏஐ அதை நிமிடத்தில் வரைந்துவிடும், பார்க்கவும் லட்சணமாக இருக்கும். அதுதான் ஆபத்து. அதற்குத் தெரிந்தது பொதுவான கடை. உங்கள் பட்டறை இல்லை.

அதனால் பழைய பில் புக்கை எடுத்து, பத்து பில்லை அந்தப் படத்தில் ஏற்றிப் பாருங்கள். முதலில் விலை. விலை சரக்குக் கட்டத்தில் மட்டும் இருந்தால், தீபாவளிக்கு ஒரு பையை 900-லிருந்து 1,050 ஆக்கிய அன்றே போன வருட பில்லும் 1,050 என்று காட்டும். விற்ற அன்றைய விலை பில் வரியிலேயே தனியாகப் பதிவாக வேண்டும். அடுத்து, வாடிக்கையாளருக்கு ஒரே ஜிஎஸ்டி எண் என்று இடம் விட்டிருக்கும். மும்பையிலும் சென்னையிலும் கடை உள்ளவருக்கு 27-ல் தொடங்கும் எண் ஒன்று, 33-ல் தொடங்கும் எண் ஒன்று இருக்குமே! வெட்டிய தோலை வெளியே தையலுக்கு அனுப்புகிறீர்கள் என்றால், அனுப்பிய தேதிக்கும், திரும்பி வந்த உருப்படிகளுக்கும் இடம் இருக்கிறதா பாருங்கள். ஜாப் ஒர்க்குக்குப் போன சரக்கு ஒரு வருடத்துக்குள் திரும்ப வேண்டும் என்பது ஜிஎஸ்டி சட்டம்.

வாடிக்கையாளர் பெயரும் போன் நம்பரும் இருக்கும் எக்செலை அப்படியே ஏற்றிவிடாதீர்கள். தலைப்பு வரிசை மட்டும் கொடுத்தால் போதும்.

பணம் கட்டுமுன், இலவச டிரையலிலேயே படத்தை எஸ்க்யூஎல் ஃபைலாக (டேட்டாபேஸுக்குப் புரியும் மொழியில் எழுதிய ஃபைல்) வெளியே எடுக்க முடிகிறதா பாருங்கள். முடியாவிட்டால் வாங்காதீர்கள், சந்தா நின்ற அன்று உங்கள் படமும் அவர்களிடமே நின்றுவிடும். எடுக்க முடிந்தால், அந்த ஃபைலை மைஎஸ்க்யூஎல் ஒர்க்பெஞ்ச் என்ற இலவச சாஃப்ட்வேரில் திறந்து அப்புறம் வேண்டிய திருத்தம் செய்துகொள்ளலாம். வெளிநாட்டுக் கம்பெனி என்றால், ஜிஎஸ்டி பதிவுள்ள நீங்கள் ரிவர்ஸ் சார்ஜில், அதாவது விற்பவருக்குப் பதில் வாங்குபவரே வரி கட்டும் முறையில், 18 சதவீதம் கட்டி, பிறகு கிரெடிட் எடுக்க வேண்டியிருக்கும். ஆடிட்டர் காதில் போட்டு வையுங்கள்.

கேள்வி: ஏமாந்தால் நுகர்வோர் கோர்ட்டுக்குப் போகலாமா?

பதில்: நம்பி இறங்க முடியாது. வியாபாரத்துக்காக வாங்குபவரை 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நுகர்வோராக எடுத்துக்கொள்வதில்லை. பிழைப்புக்காக சொந்தத் தொழில் செய்பவருக்கு மட்டும் விலக்கு உண்டு. ஆள் வைத்து நடத்தும் பட்டறை என்றால் எதிர்த்தரப்பு வக்கீல் அதைத்தான் முதலில் பிடிப்பார். சந்தா எடுத்த அன்றே தானாகப் புதுப்பிப்பதை நிறுத்திவிட்டு, அந்தத் திரையை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள்.