கருப்பூர்க் கணக்கு

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஓமலூர்ப் பக்கம் பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். நூலகராக வேலை பார்க்கும் என் உறவினர், சேலம் கருப்பூரில் இருக்கும் பெரியார் பல்கலைக்கழகத்தின் ஆய்வு வெளியீடுகள் பற்றிய ஒரு கட்டுரையை அனுப்பினார். ஆண்டுக்கு ஆண்டு கட்டுரைகள் கூடுகின்றன, அவற்றை மற்ற ஆய்வாளர்கள் எடுத்துக்காட்டும் மேற்கோள்கள் கூடுகின்றன, ஹெச்-இன்டெக்ஸ் உயர்கிறது என்று அட்டவணை அட்டவணையாக இருக்கிறது. ஆனால் இந்த ஆய்வால் எங்களுக்கு இன்னது கிடைத்தது என்று சேலத்தில் ஒருவர்கூடச் சொல்லி நான் கேட்டதில்லை. அந்த எண்கள் நிஜமா, வெறும் காகிதமா? என் மகள் எம்.எஸ்சி. வேதியியல் முடித்திருக்கிறாள். கருப்பூரிலேயே பிஎச்.டி. சேர்வதா, ரேங்க் பார்த்து வெளியூர் போவதா என்று வீட்டில் தினமும் பேச்சு. பெயர் போட வேண்டாம்.

ஒரு வாசகர்

அன்புள்ள ஐயா,

எண்கள் நிஜம்தான். எதை எண்ணினார்கள் என்பதில்தான் சங்கதி இருக்கிறது.

உறவினர் அனுப்பியது சயின்டோமெட்ரிக்ஸ், அதாவது ஆய்வு வெளியீடுகளை எண்ணி அளக்கும் வகைக் கட்டுரை. ஆண்டுவாரியாக ஓர் அட்டவணை, ஆசிரியர்வாரியாக ஒன்று, இதழ்வாரியாக ஒன்று, நாடுவாரியாக ஒன்று. பல்கலைக்கழகத்தின் பெயரை மட்டும் மாற்றினால் அடுத்த கட்டுரை தயார். நூலக அறிவியல் துறைகளில் இது அமோக விளைச்சல். இத்தனைக்கும் இந்தக் கலைக்கு வித்திட்டவர்களில் ஒருவர் நம் சீர்காழிக்காரர். எஸ். ஆர். ரங்கநாதன் 1948-ல் இங்கிலாந்தில் நடந்த நூலகர் மாநாட்டில் நூலக வேலையைக் கணக்கிட்டு அளக்கும் ‘லைப்ராமெட்ரி’ என்ற ஒன்று வேண்டும் என்றார். நூல்கள் பயன்பாட்டுக்கே என்று 1931-லேயே முதல் விதி எழுதிய மனிதர் அவர். உங்கள் கேள்வியும் அதுதானே!

அட்டவணைகளுக்கு மூலம் பெரும்பாலும் ஸ்கோபஸ் அல்லது வெப் ஆஃப் சயின்ஸ், அதாவது ஆய்வுக் கட்டுரைகளையும் மேற்கோள்களையும் பட்டியலிடும் தரவுத்தளம். அதில் ‘பெரியார்’ என்று தட்டினால் சேலம் மட்டும் வராது, தஞ்சாவூர் வல்லத்திலுள்ள பெரியார் மணியம்மை நிறுவனமும் சேர்ந்து வரும். அதைப் பிரித்தெடுக்க வேண்டும். இணைவு பெற்ற கல்லூரிப் பேராசிரியர் ஒருவர் தன் முகவரியில் பல்கலையின் பெயரையும் எழுதியிருந்தால் அது யார் கணக்கு? இதை எப்படிச் செய்தார்கள் என்று கட்டுரையின் வழிமுறைப் பகுதியில் ஒரு பத்தியாவது இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் மற்ற அட்டவணைகளைப் படித்துக் கண்ணைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஹெச்-இன்டெக்ஸ் உயர்கிறது என்பது செய்தியே இல்லை. குறைந்தது 30 மேற்கோள் பெற்ற கட்டுரைகள் 30 இருந்தால் ஹெச்-இன்டெக்ஸ் 30. ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் 2005-ல் தனி ஆய்வாளர்களை அளக்கச் சொன்ன கணக்கு அது. பழைய கட்டுரைக்கு வந்த மேற்கோள் எங்கும் போய்விடாது. ஆகவே வயதைப் போல அதுவும் ஏறத்தான் செய்யும். 1997-ல் தொடங்கிய பல்கலையை அதைவிட மூத்த ஒன்றோடு இதை வைத்து ஒப்பிடுவது அநியாயம். துறைகளுக்குள்ளும் அப்படித்தான். பொருளறிவியல், வேதியியல் கட்டுரைகளுக்கு மேற்கோள் மளமளவென்று சேரும். கணிதத்துக்கு மெல்ல வரும். தமிழ்த்துறையில் ஒருவர் தமிழில் நல்ல நூல் எழுதினால் ஸ்கோபஸைப் பொறுத்தவரை அவர் ஒன்றுமே எழுதவில்லை.

சராசரி மேற்கோள் இன்னும் மோசம். 2013-ல் டைம்ஸ் உலகத் தரவரிசையில் இந்தியாவிலேயே முதலாவதாகச் சண்டிகரின் பஞ்சாப் பல்கலைக்கழகம் வந்தது. ஐ.ஐ.டி.க்களே பின்னால். செர்ன் துகள் ஆய்வகக் கட்டுரைகளில் அதன் பேராசிரியர்கள் பெயர் இருந்ததும், அவற்றுக்கு மேற்கோள் குவிந்ததும் முக்கியக் காரணம். அதே செர்னிலிருந்து 2015-ல் ஹிக்ஸ் துகளின் நிறை பற்றி வந்த ஒரு கட்டுரைக்கு ஆசிரியர்கள் 5,154 பேர். பெயர்ப் பட்டியலே கட்டுரையை விட நீளம்.

இனி உங்கள் குறைக்கு வருகிறேன். நாமக்கல் மாவட்டம் சித்தம்பூண்டியில் அனார்த்தசைட் என்றொரு வெளிர்நிறப் பாறை இருக்கிறது. நாமக்கல் 1997-ல்தான் பிரிந்தது, அதுவரை அதுவும் சேலம் மாவட்டம். ஏ. பி. சுப்பிரமணியம் என்ற புவி அமைப்பியலாளர் 1956-ல் அந்தப் பாறைத் தொகுதியைப் பற்றி அமெரிக்கப் புவி அமைப்பியல் கழகத்தின் இதழில் விரிவாக எழுதினார். அப்போது நிலாவுக்கு யாரும் போயிருக்கவில்லை. 1969-ல் அப்போலோ 11 கொண்டுவந்த மண்ணில் அனார்த்தசைட் துணுக்குகள் கிடைத்தன. நிலாவின் மேட்டுநிலம் பெரும்பாலும் இந்தப் பாறைதான் என்ற முடிவுக்கு அதிலிருந்து வந்தார்கள். பிறகு சந்திரயான்-2 சோதனைக்கு நிலா மண்ணைப் போன்ற மண் இஸ்ரோவுக்கு வேண்டியிருந்தபோது, சித்தம்பூண்டி, குன்னமலைப் பாறைகளை உடைத்து அரைத்து டன் கணக்கில் பெங்களூருக்கு அனுப்பினார்கள். அந்த வேலையில் பெரியார் பல்கலையின் புவி அமைப்பியல் துறையும் இருந்தது. மண் தயாரிக்கும் முறைக்கு இஸ்ரோ 2020-ல் காப்புரிமை பெற்றது.

இதழ்களை மேற்கோள் கணக்கால் அளக்கும் இம்பாக்ட் ஃபேக்டர் முந்தைய இரண்டு ஆண்டுக் கட்டுரைகளை மட்டுமே பார்க்கும். அந்தக் கணக்கில் சித்தம்பூண்டிக் கட்டுரை 1958-க்குப் பிறகு செல்லாக்காசு. எந்தப் பாறையை எங்கே தேடுவது, எந்த ஊர்ப் பாதையில் லாரி போகும் என்று அறிந்த ஒரு துறை பக்கத்திலேயே இருந்ததற்கு எந்தத் தரவுத்தளத்திலும் கட்டம் கிடையாது.

ஆனால் உங்கள் கோபத்தில் பாதி நியாயம் உண்டு. சேலம் வழியே ஓடும் திருமணிமுத்தாற்றுப் படுகையின் நிலத்தடி நீர் பற்றி ஆங்கில இதழ்களில் பல கட்டுரைகள் வந்திருக்கின்றன. ஃப்ளூரைடு எவ்வளவு, நைட்ரேட் எவ்வளவு, எந்தக் கிணற்று நீர் குடிக்கத் தகாதது என்றெல்லாம் அளந்திருக்கிறார்கள். வெளிநாட்டு ஆய்வாளர்கள் மேற்கோள் காட்டுகிறார்கள். அந்த ஆற்றோரம் கிணறு வைத்திருப்பவருக்கு அதிலிருந்து தமிழில் ஒரு துண்டுத்தாள் வந்து சேர்ந்து நான் பார்த்ததில்லை. ஆய்வுக்குத் தன் கிணற்றுத் தண்ணீரை எடுத்துக் கொடுத்தது அவர்தான்.

மகள் விஷயம். பல்கலையின் ரேங்க், ஹெச்-இன்டெக்ஸ் எல்லாவற்றையும் மூட்டை கட்டி வையுங்கள். பிஎச்.டி. என்பது ஒரு கைடோடு நாலைந்து வருட வாழ்க்கை. இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளைச் சேர்த்து வைத்திருக்கும் சோத்கங்கா இணையதளத்தில் அந்த கைடின் கீழ் முடிந்த மூன்று ஆய்வேடுகளைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். இயல்வாரியாகத் தனித்தனிக் கோப்பாக இருக்கும். துணைநூற்பட்டியலில் தொடங்கட்டும்: அண்மைக் கட்டுரைகள் இருக்கின்றனவா, கைடின் சொந்தக் கட்டுரைகளே திரும்பத் திரும்ப வருகின்றனவா? அடுத்து, மாணவர் வெளியிட்ட கட்டுரைகள் எந்த இதழில் வந்தன என்று பார்க்கட்டும். மூன்று ஆய்வேடுகளிலும் வேதிப்பொருளின் பெயர் மட்டும் மாறி வழிமுறை இயல் அப்படியே இருந்தால் அந்த அறைக்குள் போக வேண்டாம்.

பிறகு நேரில் போய், கைடிடம் பேசுவதற்கு முன் அங்கே இருக்கும் ஸ்காலர்களிடம் பேசட்டும். எக்ஸ்.ஆர்.டி., எஸ்.இ.எம். போன்ற பொருளின் அமைப்பை ஆராயும் கருவிகள் எல்லாம் இங்கேயே கிடைக்கிறதா, வெளியூர் லேபுக்கு சாம்பிள் அனுப்பிக் காத்திருக்க வேண்டுமா, அந்தக் காசு யார் கையிலிருந்து போகிறது? இதைக் கேட்க வெட்கப்படக் கூடாது. கட்டுரை வெளியிட்டால்தான் ஆய்வேடு சமர்ப்பிக்கலாம் என்ற கட்டாயத்தை யு.ஜி.சி. 2022 நவம்பரில் நீக்கிவிட்டது. இருந்தாலும் பல்கலையின் சொந்த விதி என்ன என்று கேட்டுக்கொள்ளட்டும். பணம் கட்டினால் ஸ்கோபஸ் கட்டுரையில் பெயர் சேர்க்கிறோம் என்று வாட்ஸாப்பில் செய்தி வரும். பதிலே அனுப்ப வேண்டாம். இப்போது பிழை, முறைகேடு என்று இதழ்கள் திரும்பப் பெற்ற கட்டுரைகளுக்கு மத்திய அரசின் தரவரிசையான என்.ஐ.ஆர்.எஃப். மதிப்பெண் குறைக்கிறது. மாட்டினால் பல்கலை முதலில் கைகழுவுவது மாணவரைத்தான்.

நல்ல கைடு கருப்பூரில் கிடைத்தால் கருப்பூரே போதும். ஓமலூரிலிருந்து பஸ் ஏறிப் போய் வந்து வீட்டுச் சாப்பாடு சாப்பிடலாம் என்பதையும் கணக்கில் சேருங்கள், நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. கிடைக்காவிட்டால் வெளியூர்தான், அந்த ஊரின் ரேங்க் எதுவானாலும்.

அறிவியல் ஆய்வு மாணவர்களுக்கான சி.எஸ்.ஐ.ஆர். நெட் தேர்வை எழுதிவிட்டாளா என்று நீங்கள் சொல்லவில்லை. அதில் தேறி இளநிலை ஆய்வாளருக்கான ஜே.ஆர்.எஃப். கிடைத்தால் முதல் இரண்டு ஆண்டுகள் மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகை. பேராசிரியர் ஒருவர் ஒரே நேரத்தில் எட்டுப் பேருக்குத்தான் கைடாக இருக்கலாம், இணைப் பேராசிரியர் ஆறு, உதவிப் பேராசிரியர் நான்கு. நல்லவர்களிடம் இடம் எப்போதும் நிறைந்தே இருக்கும். ஆகவே கதவைத் தட்டும்போது கையில் ஜே.ஆர்.எஃப். இருப்பது நல்லது. எந்தப் பிரிவு வேதியியலில் அவளுக்கு ஆர்வம் என்று எழுதுங்கள், தெரிந்தவர்களிடம் விசாரித்துச் சொல்கிறேன்.