ஒரே ஒரு லென்ஸ் வாங்குவதென்றால்

வணக்கம்.

தனியாளாக ஆவணப்படம் எடுக்க ஆரம்பித்திருக்கிறேன். இடையிடையே விழாக்களுக்கும் வீடியோ எடுக்கிறேன். கையில் இருப்பது 24 மெகாபிக்சல் ஃபுல் ஃப்ரேம் கேமரா, அதோடு வந்த 28-70 எஃப்/3.5-5.6 கிட் லென்ஸ். இப்போது ஒரு லென்ஸ் வாங்கத்தான் வசதி. 24-70 எஃப்/2.8 வாங்குவதா, 24-105 எஃப்/4 வாங்குவதா? இரண்டும் வேண்டாம், ஜூம் இல்லாத பிரைம் லென்ஸ் வாங்கு என்கிறார் நண்பர்.

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

24-105 வாங்குங்கள்.

ஆவணப்படத்தில் யாரும் நமக்காக இன்னொரு முறை செய்துகாட்ட மாட்டார்கள். பேசிக்கொண்டே இருப்பவர் சட்டென்று குரல் தாழ்ந்து, துண்டின் நுனியை விரலால் முறுக்கத் தொடங்குவார். ஜூமை 70 மி.மீ.-இல் வைத்தால் அவர் முகமும் தோளும் இருக்கும். அந்த விரல்கள் வேண்டுமென்றால் 105 வேண்டும். கிட்டே போனால் அவருக்குக் கேமரா நினைவு வந்துவிடும். லென்ஸை மாற்றப் போனால் விரல்கள் ஓய்ந்திருக்கும். உங்கள் கேமராவில் கிராப் வசதி, அதாவது சென்சாரின் நடுப்பகுதியில் மட்டும் பதிவு செய்வது, இருந்தால் 105 ஏறக்குறைய 157 ஆகும். 24 மெகாபிக்சலில் 4கே-வுக்கு அப்போதும் போதுமான புள்ளிகள் மிஞ்சும்.

எஃப் எண் கூடினால் லென்ஸின் திறப்பு சிறுக்கும். எஃப்/4-இல் எஃப்/2.8-ஐவிடப் பாதி வெளிச்சம்தான். ஐஎஸ்ஓ, அதாவது சென்சாரின் ஒளியுணர்வு, 1600-இல் எடுப்பதை 3200-இல் எடுக்க வேண்டியிருக்கும், அவ்வளவுதான். இன்றைய ஃபுல் ஃப்ரேம் சென்சார் அதைத் தாங்கும். பின்னணி மங்கலைப் பற்றியும் கவலை வேண்டாம். 105-ஐ 4-ஆல் வகுத்தால் 26, 70-ஐ 2.8-ஆல் வகுத்தால் 25. லென்ஸின் திறப்பு கிட்டத்தட்ட ஒன்றே. முகத்தை ஒரே அளவில் வைத்து எடுத்தால், தூரத்துப் பின்னணி இரண்டிலும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் கரையும்.

எதுவானாலும் ஜூம் செய்தாலும் அபெர்ச்சர் (எஃப் எண்) மாறாத லென்ஸாக இருக்கட்டும். புகைப்படக்காரர் ஒவ்வொரு படத்துக்கும் ஷட்டரை மாற்றிக்கொள்ளலாம். நாம் நொடிக்கு 25 ஃப்ரேமுக்கு ஷட்டர் 1/50 நொடி என்று கட்டிப்போட்டு வைத்திருக்கிறோம். கிட் லென்ஸை முழுதாகத் திறந்து வைத்து ஜூம் செய்தால் வெளிச்சம் பாதி அளவுக்கும் கீழே போகும். அது அப்படியே பதிவாகும்.

இன்னொன்று, நான் அனுபவித்தது. ஒரு முதியவரின் நேர்காணல். 70-இல் அவர் கண்ணுக்கு ஃபோகஸ் வைத்தேன், 35-க்கு இழுத்தேன், அரை மணி நேரம் எடுத்தேன். எடிட்டில் பெரிய திரையில் பார்த்தால் காது கூர்மையாக இருக்கிறது, கண் இல்லை. புகைப்பட ஜூம்களில் பெரும்பாலானவை ஜூமை மாற்றினால் ஃபோகஸைப் பிடித்து வைப்பதில்லை. பார்ஃபோக்கல் லென்ஸ்களில்தான் அது நிலைக்கும். அந்த முதியவரிடம் மறுபடி கேட்க எனக்கு மனம் வரவில்லை. ஜூமை நகர்த்தியதும் ஃபோகஸை மறுபடி சரிபாருங்கள், ஆட்டோ ஃபோகஸ் என்றாலும். வாங்கும் முன் ஃபோகஸைக் கிட்டேயிருந்து தூரத்துக்குத் திருப்பிப் பாருங்கள். சட்டகம் சுருங்கி விரிந்தால் அதுதான் ப்ரீதிங். வீடியோவில் அது கண்ணை உறுத்தும்.

சரி, விழாக்கள். உங்கள் வேலையில் பாதிக்கு மேல் இருட்டு அரங்குகள் என்றால் நான் சொன்னதைத் திருப்பிப் போட்டு 24-70 எஃப்/2.8 வாங்குங்கள். அரங்கின் கடைசியில் நின்று மேடையை எடுப்பதற்கு இரண்டுமே எட்டாது. அன்றைக்கு மட்டும் 70-200 எஃப்/2.8-ஐ வாடகைக்கு எடுங்கள், ட்ரைபாடோடு.

உங்கள் நண்பர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது, இரண்டாவது லென்ஸுக்கு. 35 அல்லது 50, எஃப்/1.8 போதும். எஃப்/4-ஐவிட ஏறக்குறைய 5 மடங்கு வெளிச்சம் வாங்கும். விளக்கு வெளிச்சத்தில் உட்கார்ந்து பேசுகிறவரை எடுக்க அதுதான் வேண்டும்.

அதுவரை கிட் லென்ஸை எஃப்/5.6-இல் நிறுத்தி வைத்து எடுங்கள். ஜூம் செய்தாலும் வெளிச்சம் அவ்வளவாக மாறாது.