சிங்கப்பூர் வரும் தங்கச்சிக்கு: கடையில் நிற்பவர்களிடம் பார்த்து நடந்துகொள்

தங்கச்சிமடத்திலிருந்து எழுதியிருக்கிறாய். அடுத்த மாதம் சிங்கப்பூர் வருகிறாய், மாப்பிள்ளை வேலைக்குப் போய்விட்டால் கடைகண்ணிக்கு நீதான் போகவேண்டும். பேரம் பேசலாமா, தமிழில் கேட்டால் புரியுமா, வாடகை எவ்வளவு, குண்டு மிளகாய் கட்டிக்கொண்டு வரலாமா என்று கேட்டிருக்கிறாய். வாடகை மாப்பிள்ளைக்குத் தெரியும். காய்ந்த மிளகாய் இங்கேயும் கிடைக்கும், அதற்காகப் பெட்டியை நிரப்பாதே. கடை விஷயத்தைத்தான் நான் விலாவாரியாகச் சொல்லப்போகிறேன். தொண்டியிலிருந்து வந்த புதிதில் நான் நின்றது கவுண்டருக்கு அந்தப் பக்கம்.

அப்போது டிபெண்டண்ட் பாஸில், அதாவது இங்கே வேலை பார்ப்பவரின் குடும்பத்துக்குத் தரும் பாஸில், வந்தவர்கள் ஓர் அனுமதிக் கடிதம் வாங்கிக்கொண்டு வேலைக்குப் போகலாம். 2021 மே மாதத்திலிருந்து அது போதாது, தனியாக வேலை பாஸ் வேண்டும். நான் ஒரு சூப்பர் மார்க்கெட்டில் கேஷியராகச் சேர்ந்தேன். நாள் முழுக்க நின்றே வேலை. ராத்திரி பாதம் இரண்டும் எரியும், வாளியில் உப்புத் தண்ணீர் வைத்துக் காலை விட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். ஊருக்குப் போன் போட்டுச் சொன்னால், "ஏசியில நிக்கிறதுக்கு என்ன நோவு?" என்பார்கள்.

முதல் விஷயம், காசைக் கையில் கொடு. போனில் பேசிக்கொண்டே நோட்டையும் சில்லறையையும் கவுண்டரில் வீசுவார்கள். ஒரு வெள்ளி (டாலரை இங்கே அப்படித்தான் சொல்வோம்) காசு உருண்டு சாக்லேட் தட்டுக்கு அடியில் போய்விடும். குனிந்து துழாவுவது நான், வரிசையில் பின்னால் நிற்பவர் முறைப்பதும் என்னைத்தான். இப்படிப்பட்டவர்கள் எல்லா இனத்திலும் உண்டு. ஆனால் நம் ஆட்கள் செய்தது மட்டும் எனக்கு இன்றுவரை ஆறவில்லை. பக்கத்துக் கவுண்டரில் சீனப் பெண் இருந்தால் சாரி, தேங்க்யூ எல்லாம் வரும். என் சட்டையில் தமிழ்ப் பெயரைப் பார்த்ததும், "ஏம்மா, சீக்கிரம் போடு." எந்த ஊர் என்று கேட்டு, ராமநாதபுரம் பக்கம் என்றால், "ஓ, தண்ணியில்லாக் காடா!" என்று சிரிப்பார்கள். அவர்களும் ஒரு காலத்தில் பெட்டியோடு வந்து இறங்கியவர்கள்தானே.

அப்புறம், வேண்டாம் என்று தோன்றிய பொருளை எடுத்த இடத்திலேயே வை. உறைந்த கோழியை எடுத்துக்கொண்டு பாதிக் கடை சுற்றிவிட்டு, பிஸ்கட் அடுக்குக்குள் சொருகிவிட்டுப் போவார்கள். நாங்கள் பார்க்கும்போது அது தண்ணீர் விட்டு, பிஸ்கட் அட்டையெல்லாம் நனைந்திருக்கும். கோழியையும் தூக்கிப் போடவேண்டும், பிஸ்கட்டையும் போடவேண்டும். ஐஸ் இல்லாத மீன் என்ன ஆகும் என்று உங்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும், உனக்கு நான் சொல்லவேண்டியதில்லை.

பேரம் கேட்டாய். விலை ஒட்டியிருக்கும் கடையில் பேசாதே. ஒட்டியிருப்பது 9 சதவீத ஜிஎஸ்டியும் சேர்ந்த விலை, கேஷியர் நினைத்தாலும் குறைக்க முடியாது. லிட்டில் இந்தியாவில் இருக்கும் தேக்கா ஈரச்சந்தையில் மீன்காரரிடம் சிரித்த முகமாக ஒரு தரம் கேட்டுப் பார்க்கலாம். பாம்பன் கரையில் ஏலம் கேட்கிற மாதிரி கத்தினால் அடுத்த தரம் உன்னைத் திரும்பியே பார்க்கமாட்டார். பெரிய சூப்பர் மார்க்கெட்டுகளில் 2023 ஜூலை 3 முதல் ஒரு பைக்குக் குறைந்தது 5 காசு (சென்ட்). அரசாங்கம் போட்ட விதி அது, திட்டு வாங்கியது கவுண்டரில் நிற்கிற கிழவிகள். துணிப்பை ஒன்று எடுத்துப் போ.

ஆம், கிழவிகள்தான். இங்கே கவுண்டரில் அறுபது தாண்டியவர்கள் நிறையப் பேர். எனக்கு வேலை பழக்கியதும் இடுப்பில் பெல்ட் கட்டிய ஒரு சீன ஆன்ட்டிதான். அவரிடமிருந்துதான் சீனத்தில் ஒன்று முதல் பத்து வரை கற்றேன். மலாய்ப் பாட்டிமார் வந்தால் "தெரிமா காசே, மக்சிக்" (நன்றி, அம்மா) என்பேன், அவர்கள் முகமே மலர்ந்துவிடும். இருபது வருஷம் இங்கே இருந்தும் ஒரு மலாய் வார்த்தை தெரியாது என்று பெருமையாகச் சொல்லும் நம்மவர்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல்தான் வரும். தமிழ் இங்கே அதிகாரபூர்வ மொழி, உண்மைதான். ஆனால் கவுண்டரில் இருக்கும் ஆன்ட்டிக்குத் தமிழ் தெரியவேண்டும் என்று எதிர்பார்க்காதே.

கோபம் வந்தால்? பில்லில் தப்பு இருந்தால் சூப்பர்வைசரைக் கூப்பிடச் சொல். அடித்த பில்லைத் திருத்த கேஷியருக்குப் பெரும்பாலும் அதிகாரம் இருக்காது, அவரிடம் கத்திப் பிரயோஜனமில்லை. வாங்கியது பழுது என்றால் பில்லைப் பத்திரமாக வை. 2012 முதல் இருக்கும் சட்டப்படி 6 மாதத்துக்குள் தெரியும் பழுதுக்கு, வாங்கும்போதே அது இருந்ததாகத்தான் எடுத்துக்கொள்வார்கள். கடைக்காரர் சரிசெய்து தரவேண்டும், இல்லாவிட்டால் மாற்றித் தரவேண்டும். ஆனால் வேண்டுமென்றே ஒருவரை வாயில் வந்தபடி திட்டி நோகடித்தால் 2014 தொல்லைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. 5,000 வெள்ளி வரை அபராதம், 6 மாதம் வரை சிறை.

போன தடவை ஊருக்கு வந்தபோது ராமநாதபுரம் அரண்மனைப் பக்கம் சேலை எடுக்கப் போனோம். எடுத்துப் போட்ட பிள்ளை ஸ்டூலில் உட்கார்ந்து மடித்துக்கொண்டிருந்தாள். என் நாத்தனார், "ஒக்காந்துக்கிட்டே வியாபாரம் பண்ணுது பாரு" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. கடையில் வேலை செய்பவர்களுக்கு இருக்கை தரவேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021-லேயே சட்டம் திருத்திவிட்டார்கள் என்று அங்கேயே, அந்தப் பிள்ளை காதில் விழும்படி சொன்னேன். நாத்தனார் வீடு வரும்வரை பேசவில்லை. பேசாவிட்டால் போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

சரி, வந்து இறங்கியதும் சொல்லு. நான் ஈசூனில் இருக்கிறேன், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் சேர்ந்தே தேக்கா போகலாம். கூட்டம் சேருமுன் போனால்தான் மீன் நன்றாக இருக்கும்.