பிள்ளை பிழைத்து வந்துவிட்டான், எனக்குத்தான் தூக்கம் வரவில்லை

கேள்வி: என் மகனுக்கு 17 வயது, பிளஸ் டூ படிக்கிறான். ஐந்து வாரத்துக்கு முன்னால் பக்கத்து வீட்டுப் பையனும் இவனும் அந்தப் பையனின் மாமா காரில் மதுரைக்குப் போய்விட்டு இரவு திரும்பும்போது, ஒத்தக்கடை தாண்டி நாலுவழிச்சாலை ஓரத்தில் விளக்குப் போடாமல் நின்ற லாரியின் பின்னால் கார் மோதிவிட்டது. முன்சீட்டில் பெல்ட் போட்டிருந்த என் மகன் காறை எலும்பு முறிவோடு தப்பித்தான். பின்சீட்டில் பெல்ட் போடாமல் இருந்த அந்தப் பையனுக்குத் தொடை எலும்பு முறிந்து கம்பி வைத்திருக்கிறார்கள், கால் ஊன்ற இன்னும் ரெண்டு மாசம் ஆகுமாம்.

நான் சந்தோஷமாகத்தானே இருக்க வேண்டும்? ராத்திரி ரெண்டு மணிக்கு எழுந்து போய் இவன் மூக்கருகே விரல் வைத்து மூச்சு வருகிறதா என்று பார்க்கிறேன். 108 சத்தம் கேட்டால் கை நடுங்குகிறது. பகலில் அவன் செருப்பை மாட்டினாலே கத்துகிறேன். "முதல்ல அவன்தாம்மா முன்னாடி உக்காந்திருந்தான், டீ குடிச்சிட்டு ஏறும்போது மாத்திக்கிட்டோம்" என்று ஆஸ்பத்திரியில் ஒருமுறை சொன்னான், அப்புறம் விபத்தைப் பற்றிப் பேசவே இல்லை. அந்தப் பையனின் அம்மாவை அக்கா என்றுதான் கூப்பிடுவேன், ஆனால் அவர்கள் வீட்டுக்கு வந்த பிறகு என்னால் அந்த வாசலை மிதிக்க முடியவில்லை. அன்று ராத்திரி பாண்டி கோயிலில் பொங்கல் வைத்துக் கிடா வெட்டுவதாக வேண்டிக்கொண்டேன். மாமியார் நாள் குறிக்கச் சொல்லி நெருக்குகிறார். எனக்கு என்ன ஆயிற்று?

- பெயர் வேண்டாம், மேலூர் பக்கம்

பதில்: அன்று போன் வந்ததிலிருந்து ஆஸ்பத்திரி, ஸ்கேன், கையெழுத்து, பணம் என்று ஓடியிருப்பீர்கள், உட்கார்ந்து அழக்கூட நேரம் இருந்திருக்காது. ஓட்டம் முடிந்து பிள்ளை வீட்டில் வந்து படுத்த பிறகுதான் உடம்பு அந்த ராத்திரிக்காக நடுங்க ஆரம்பிக்கிறது. விபத்தில் சிக்கியவர்களுக்கு மட்டும் இப்படி வருவதில்லை, சேதியைப் போனில் கேட்ட பெற்றவர்களுக்கும் வரும். பெரும்பாலும் சில வாரத்தில் தானாகத் தணிந்துவிடும். ஒரு மாதம் தாண்டியும் தூக்கமில்லை, படபடப்பு குறையவில்லை என்றால் மனநல மருத்துவரைப் பார்த்துவிட வேண்டும். உங்களுக்கு ஐந்து வாரம் ஆகிவிட்டது, இனித் தள்ளிப்போடாதீர்கள். நேரில் போகத் தயக்கமாக இருந்தால் 14416 என்ற எண்ணைக் கூப்பிடுங்கள். மத்திய அரசு 2022இல் தொடங்கிய டெலி மானஸ் சேவை அது, காசு கிடையாது, 24 மணி நேரமும் உண்டு, தமிழிலேயே பேசலாம். அந்த ரெண்டு மணிக்கே கூப்பிடுங்கள்.

சரி, உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். அந்த அக்கா வீட்டைப் பற்றி ஒரே ஒரு வரிதான் எழுதியிருக்கிறீர்கள், ஆனால் முள் அங்கேதான் குத்தியிருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. யாருக்கு அடி அதிகம் என்று தெரிந்த அந்த நிமிஷம் "நம்ம பிள்ளைக்கு இல்லை" என்று உங்களுக்குள் ஒரு நிம்மதி வந்திருக்கும். எந்தத் தாய்க்கும் வரும் அம்மா, அதற்காக அடுத்த பிள்ளை படுத்துக் கிடப்பதில் நீங்கள் சந்தோஷப்பட்டதாக ஆகிவிடாது. உங்களுக்கோ ரெண்டும் ஒட்டிக்கொண்டு பிரிக்க வராமல் போய்விட்டது.

உங்கள் மகனும் இதையேதான் சுமக்கிறான். சீட்டு மாறாமல் இருந்திருந்தால் படுக்கையில் நான் கிடந்திருப்பேனே என்று நினைக்கிறான், அதை ஒருமுறை உங்களிடம் சொல்லியும் பார்த்தான். அன்றைக்கு அதைக் காதில் வாங்கும் நிலையில் நீங்கள் இல்லை, இப்போது நீங்களாகக் கேளுங்கள். "அதையே நினைக்காத, விடு" என்று பேச்சை மூடிவிடாமல் அவன் முடிக்கும்வரை கேளுங்கள். விளக்கில்லாமல் லாரி நின்றதும் பின்சீட்டில் பெல்ட் போடாததும் சேர்ந்து செய்த காரியம் இது, சீட்டு மாறியது யார் குற்றமும் இல்லை என்று அப்புறம் சொல்லுங்கள். (பின்சீட்டுக்கும் பெல்ட் கட்டாயம் என்றுதான் சட்டம், நம் ஊரில் யார் போடுகிறோம்? இந்தப் பேச்சை மட்டும் அந்த வீட்டில் எடுத்துவிடாதீர்கள்.) அவனுக்கும் கெட்ட கனவு, சாப்பாடு இறங்காமை, வண்டியில் ஏறவே பயம் என்று இருந்தால் மருத்துவரிடம் போகும்போது அவனையும் கூட்டிக்கொண்டு போங்கள்.

அவனைக் கத்தும்போது அவன் காதில் உங்கள் பயம் விழாது. நீ மட்டும் ஏன் தப்பித்தாய் என்று அம்மாவும் கேட்பதாகக்கூட அவன் எடுத்துக்கொள்ளலாம். "பயமா இருக்குடா, போய்ச் சேர்ந்ததும் ஒரு போன் போடு" என்று உள்ளதைச் சொல்லி அனுப்புங்கள்.

அக்கா வீட்டுக்கு இந்த வாரமே, முதலில் நீங்கள் மட்டும் போங்கள். ஆரஞ்சுப் பழப் பையோடு விருந்தாளி மாதிரி போக வேண்டாம். படுத்திருக்கும் பிள்ளையைத் துடைத்து எடுக்கவே அவருக்கு நேரம் சரியாக இருக்கும், ஒரு குழம்பும் பொரியலும் தூக்கில் எடுத்துக்கொண்டு போங்கள். "சாமி காப்பாத்திருச்சு" என்று அங்கே வாய் தவறிக்கூடச் சொல்லாதீர்கள், அவர் பிள்ளையைச் சாமி காப்பாற்றவில்லை என்றுதான் அது அவர் காதில் விழும். "இத்தன நாளா வரத் தைரியம் இல்லக்கா" என்று சொன்னால் போதும். அவர் முகம் கொடுக்காமல் போகலாம், ரெண்டு வார்த்தை ஏசவும் செய்யலாம், வாங்கிக்கொண்டு ரெண்டு நாள் கழித்து மறுபடி போங்கள். அடுத்த தடவை மகனையும் கூட்டிப் போய், பையன்கள் ரெண்டு பேரையும் உள்ளே விட்டுவிட்டு நீங்கள் திண்ணைக்கு வந்துவிடுங்கள். பள்ளிக்கூடத்துப் பாடத்தையெல்லாம் இவன்தானே அவனுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

நேர்த்திக்கடனுக்கு இப்போது ஒரு மஞ்சள் துணியில் காசு முடிந்து சாமி படத்தடியில் வையுங்கள். மாமியாருக்கும் தெரிந்த வழக்கம்தான், மறுக்க மாட்டார். பாண்டி முனீஸ்வரருக்கு வைக்கும் சர்க்கரைப் பொங்கலும் அதே கோயிலில் இருக்கும் சமயக்கருப்பருக்கு வெட்டும் கிடாயும் அந்தப் பையன் கால் ஊன்றி நடக்கும்வரை இருக்கட்டும். அன்று ராத்திரி அந்த அக்காவும் ஏதோ ஒரு சாமியை வேண்டியிருப்பார். என்ன வேண்டினீங்க என்று கேளுங்கள், அவரே நாள் குறிக்கட்டும்.