வளைவுக்கு எத்தனை அடி?

பயனீட்டாளர் கேள்வி-பதில்

கேள்வி: அண்ணே, சுங்கை சிப்புட்டில் தாமான் வீடு எங்களுடையது. கார் நிறுத்தும் இடத்துக்கு வளைந்த பாலிகார்பனேட் கூரை போட ஒருவரைக் கூப்பிட்டோம். தூணுக்குத் தூண் 10 அடி, நடுவில் 2 அடி தூக்கல், நீளம் 20 அடி. சதுர அடிக்கு 15 வெள்ளி. 200 சதுர அடி, 3,000 வெள்ளி ஆகும் என்று நான் கணக்குப் போட்டு வைத்திருந்தேன். அவரோ, "வளைவுக்கு அரை வட்டக் கணக்கு, அக்கா" என்று சொல்லி 4,710 வெள்ளிக்குக் கொட்டேஷன் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். இது சரியா?
- ஒரு வாசகி

பதில்: முன்பணம் கொடுக்கும் முன்னால் கேட்டீர்கள், நல்லது. உங்கள் கணக்கும் தப்பு, அவர் கணக்கும் தப்பு. ஆனால் அவர் தப்புக்குக் காசு கொடுக்கப் போவது நீங்கள்!

தகடு வளைந்து போவதால் 10 அடி போதாது, அது உண்மை. அதற்காக அரை வட்டம் என்று எடுத்துக்கொள்ள முடியாது. 10 அடி அகலத்தில் அரை வட்டம் வேண்டுமென்றால் நடுவில் 5 அடி தூக்கல் இருக்க வேண்டும். உங்களுடையது 2 அடிதான். அவர் 10ஐ 3.14ஆல் பெருக்கி, பாதியாக்கி, 15.7 அடி என்று எழுதி, அதை 20 அடி நீளத்தால் பெருக்கியிருக்கிறார். 314 சதுர அடி வந்தது அப்படித்தான்.

உங்கள் கூரை ஒரு பெரிய வட்டத்தின் சின்னத் துண்டு. அந்த வட்டத்தைக் கண்டுபிடிப்பது லேசு. அகலத்தில் பாதி 5. ஐயைந்து 25. அதைத் தூக்கல் 2ஆல் வகுத்தால் 12.5, அதோடு தூக்கலைக் கூட்டினால் 14.5. இதுதான் வட்டத்தின் விட்டம். ஆரம் 7.25 அடி, முழுச் சுற்றளவு சுமார் 45.5 அடி. உங்கள் கூரை இதில் 87 பாகை அளவுக்குத்தான் வருகிறது. 360இல் 87 பங்கு என்றால் வில்லின் நீளம் 11 அடி.

பாகையெல்லாம் வேண்டாம் என்றால் குறுக்கு வழி ஒன்று உண்டு. தூக்கலைத் தூக்கலால் பெருக்கி, 8ஆல் பெருக்கி, அகலத்தின் மூன்று மடங்கால் வகுக்க வேண்டும். 32ஐ 30ஆல் வகுத்தால் 1.07. அதை 10 அடியோடு கூட்டினால் 11.07. இப்படித் தாழ்வான வளைவுக்கு இது போதும். வீட்டில் இரண்டாம் படிவம் படிக்கும் பிள்ளை இருந்தால் 'லெங்கோக்' (வட்ட வில்) கணக்கு என்று சொல்லுங்கள், புரிந்துகொள்ளும்.

ஆக 11 அடிக்கு 20 அடி, 220 சதுர அடி, 3,300 வெள்ளி. 1,410 வெள்ளி கூடப் போட்டிருக்கிறார். ஓரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் பகுதிக்கும் வெட்டுச் சேதத்துக்கும் அவர் கொஞ்சம் சேர்த்துக் கேட்டால் அது நியாயம், ஆனால் அதைக் கொட்டேஷனில் தனி வரியாக எழுதித் தரச் சொல்லுங்கள். இரும்புச் சட்டத்தை வளைத்துக் கொண்டுவந்ததும் அதன்மேல் ஒரு கயிற்றை ஒட்டிப் பிடித்து அளந்து பாருங்கள். கயிறு யார் பக்கமும் சாயாது.

பணம் கைமாறிய பிறகு தகராறு வந்தால் பயனீட்டாளர் நடுவர் மன்றம் இருக்கிறது. மனுவுக்கு 5 வெள்ளி, வக்கீல் தேவையில்லை, 50,000 வெள்ளி வரை கோரலாம். கொட்டேஷனையும் ரசீதையும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

கேள்வி: வீட்டுக்குப் பின்னால் நின்ற பலாமரத்தை வெட்டி விற்றேன். 10 அடிக் கட்டை. மரத் தௌக்கே ஒரு கயிற்றால் சுற்றி அளந்து, அதை நான்காக மடித்து, ஏதோ பெருக்கி 10 கன அடி என்றார். ஏமாந்துவிட்டேனா?
- ஓய்வுபெற்ற தோட்டத் தொழிலாளி

பதில்: பால்மரத்தோடு, அதாவது ரப்பர் மரத்தோடு, வாழ்ந்தவருக்குச் சுற்றளவைப் பற்றி நான் சொல்லவா! மரம் சுமார் 50 சென்டிமீட்டர் சுற்று வந்த பிறகுதானே கத்தி வைப்பார்கள்? பால் எடுக்க வெட்டுவது அதில் அரைச் சுற்று, 25 சென்டிமீட்டர். 30 பாகைச் சரிவில் வெட்டும்போது கத்தி கிட்டத்தட்ட 29 சென்டிமீட்டர் ஓடும். என் அம்மா இந்தக் கணக்கைக் கையாலேயே போட்டார், காகிதத்தில் போட்டதில்லை.

தௌக்கே போட்டது ஹோப்பஸ் கணக்கு. எட்வர்ட் ஹோப்பஸ் என்ற ஆங்கிலேயர் 1736இல் வெளியிட்ட அட்டவணையிலிருந்து வந்த பழைய வழக்கம். உங்கள் மரத்தின் சுற்று 4 அடி இருந்திருக்கும். நான்காக மடித்தால் 1 அடி. ஒன்றை ஒன்றால் பெருக்கி, நீளம் 10ஆல் பெருக்கினால் 10. ஆனால் கட்டை உருண்டை. 4ஐ 3.14ஆல் வகுத்தால் விட்டம் 1.27 அடி, அதை வைத்துப் பார்த்தால் உண்மையில் 12.7 கன அடி மரம் இருக்கிறது. நான்காக மடிக்கும் கணக்கில் எந்த உருண்டைக் கட்டையிலும் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் மறைந்துவிடும்.

பட்டைக்கும் அறுக்கும்போது போகும் ஓரத்துக்கும் என்று விட்ட கழிவு அது. அதனால் இதை மோசடி என்று நான் சொல்ல மாட்டேன், விலை அந்த அடிக்கு ஏற்றபடி பேசப்பட்டிருந்தால். அவர் ஹோப்பஸ் அடியில் அளந்துவிட்டு, நிஜக் கன அடிக்கான விலையைக் கொடுத்திருந்தால் 2.7 கன அடி உங்களுக்கு நஷ்டம். அடுத்த மரத்துக்கு, "எந்த அடி, தௌக்கே?" என்று முதலில் கேளுங்கள். கயிற்றைக் கட்டையின் நடுவில் சுற்றச் சொல்லுங்கள், மெல்லிய நுனியில் வேண்டாம்.

கேள்வி: என் மோட்டார்சைக்கிளின் முன் டயர் 70/90-17. கடைக்காரர் 60/80-17 மலிவு, இரண்டும் 17தான் என்கிறார். மாற்றலாமா?

பதில்: வேண்டாம் தம்பி. 17 என்பது உள்ளே இருக்கும் ரிம்மின் விட்டம், அங்குலத்தில். டயரின் உயரம் அதில் இல்லை, முன்னால் இருக்கும் எண்களில் இருக்கிறது: 70 மில்லிமீட்டர் அகலம், அதில் 90 விழுக்காடு உயரம். பழைய டயர் ஒரு சுற்றில் 1.75 மீட்டர் ஓடும், புதியது 1.66 மீட்டர்தான். உங்கள் வண்டியில் வேகம் காட்டும் மீட்டரின் கேபிள் முன் சக்கரத்திலிருந்து வந்தால், அது 60 காட்டும்போது நீங்கள் 57இல் போவீர்கள். 1,000 கிலோமீட்டர் ஓடினால் மீட்டரில் 57 கிலோமீட்டர் கூட ஏறியிருக்கும். டயர் மெலிவதால் பிடிமானம் குறையும் என்பது வேறு.

கேள்வி: தீபாவளிக்கு 6 அடி அகல வட்டக் கோலம் போட்டு, சுற்றி எல்.இ.டி. விளக்குப் பட்டை வைக்க ஆசை. 5 மீட்டர் ரோல் ஒன்று போதுமா?

பதில்: போதாது. 6 அடி வட்டத்துக்குச் சுற்றளவு 18.85 அடி, அதாவது 5.75 மீட்டர். முக்கால் மீட்டர் இருட்டாகக் கிடக்கும். இரண்டாவது ரோலுக்குச் செலவழிக்க மனமில்லை என்றால் கோலத்தை 5 அடியில் போடுங்கள், பட்டை முழுதாகச் சுற்றி ஒரு சாண் மிஞ்சும்.