மஞ்சள் கடுதாசி யாருக்கு?

வாசகர் கேள்விகளும் நம் பதில்களும்

எஸ்.எம்., தேவகோட்டை: மாசம் 600 ரூபாய் கொடுத்தால் பையன்கள் சோம்பேறியாகிவிடுவார்கள் என்கிறவர்கள், கம்பெனிகளுக்குக் கோடிக்கணக்கில் விட்டுக்கொடுக்கும்போது ஏன் வாய் திறப்பதில்லை?

முதலில் அந்த 600 ரூபாயைப் பார்த்துவிடுவோம். நம் மாநிலத்தில் வேலையில்லாதவர்களுக்கான உதவித்தொகை பட்டதாரிக்கு மாதம் 600, பிளஸ் டூவுக்கு 400, பத்தாவது பாஸ் என்றால் 300, ஃபெயில் என்றால் 200. இதை வாங்க வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவிட்டு ஐந்து வருடம் காத்திருக்க வேண்டும், குடும்ப வருமானம் ஆண்டுக்கு 72,000 ரூபாயைத் தாண்டக் கூடாது, அதுவும் மூன்று வருடம்தான், நடுவில் வருடா வருடம் 'எனக்கு இன்னும் வேலை கிடைக்கவில்லை' என்று உறுதிமொழி எழுதிக் கொடுக்க வேண்டும். என் தங்கை மகன் இதற்காகக் காரைக்குடியிலிருந்து சிவகங்கைக்கு பஸ் ஏறினான். வருமானக் கையெழுத்துக்கு இரண்டு நாள் அலைச்சல், போட்டோ, ஜெராக்ஸ், எல்லாம் முடிந்து நீட்டினால், 'பாஸ்புக் முதல் பக்கம் மங்கலா இருக்கு தம்பி, அடுத்த வாரம் வாங்க.' முதல் மாதத் தொகையில் பாதி பஸ்ஸிலேயே போய்விட்டது.

இப்போது அந்தப் பக்கம் வாருங்கள். 2019 செப்டம்பர் 20 அன்று கம்பெனி வரியை 30 சதவீதத்திலிருந்து 22 ஆகக் குறைத்தார்கள், புதிதாக உற்பத்தி தொடங்குகிறவர்களுக்கு 15. இதனால் வருடத்துக்கு 1.45 லட்சம் கோடி ரூபாய் வருமானம் போகும் என்று அரசே சொன்னது. மற்ற வரிச் சலுகைகளைக் கேட்கக் கூடாது என்று ஒரு நிபந்தனை உண்டு, மறைக்கவில்லை. ஆனால் இத்தனை பேருக்கு வேலை கொடு என்று ஒரு வரி கிடையாது, வருடா வருடம் உறுதிமொழியும் கிடையாது. கொடுப்பதைவிட, யாரிடம் எத்தனை கையெழுத்து கேட்கிறார்கள் என்பதைப் பாருங்கள், அதில்தான் யாரை நம்புகிறார்கள் என்பது தெரியும்.

வி.ஆர்., ஆத்தங்குடி: பெரிய கடன்களை 'தள்ளுபடி செய்யவில்லை, கணக்கிலிருந்து நீக்கினோம்' என்கிறார்கள். என் கல் பட்டறைக்கு வாங்கிய நாலு லட்சத்துக்கு மட்டும் வாசலில் நோட்டீஸ் ஒட்டுகிறார்களே?

கணக்கு வழக்கில் அவர்கள் சொல்வது சரிதான் அண்ணே. வாராக்கடனை ஐந்தொகையிலிருந்து, அதாவது வங்கியின் பேலன்ஸ் ஷீட்டிலிருந்து, எடுத்துவிட்டாலும் வாங்கினவர் கடன்காரர்தான், வசூல் நடந்துகொண்டுதான் இருக்கும். பத்து நிதியாண்டுகளில் வங்கிகள் இப்படி நீக்கியது 16.35 லட்சம் கோடி என்று 2025 மார்ச்சில் நாடாளுமன்றத்தில் சொன்னார்கள். வசூல்தான் கதை. 2016-ல் வந்த திவால் சட்டத்தில் தீர்வான வழக்குகளில், கடன் கொடுத்தவர்களுக்குத் திரும்பி வருவது மொத்தத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. மீதி போனதற்கு வங்கிக்காரர்கள் வைத்திருக்கும் பெயர் 'ஹேர்கட்'. தலையில் மூன்றில் இரண்டு பங்கு போனால் அது கிராப்பா மொட்டையா என்று குன்றக்குடி அடிவாரத்தில் கத்தியோடு உட்கார்ந்திருப்பவரைக் கேளுங்கள்.

நம் பக்கம் ஒருத்தர் திவாலாகி மஞ்சள் கடுதாசி கொடுத்துவிட்டால், அந்த வீட்டில் பெண் எடுக்க யோசிப்பார்கள், கடைத்தெருவில் ஒரு மூட்டை அரிசிகூடக் கடனுக்குக் கிடைக்காது. பெரிய முதலாளியும் கம்பெனியை இழக்கிறார், வாஸ்தவம். வீட்டை இழந்தார் என்று எத்தனை பேரைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறீர்கள்?

ஆர்.எம்., கானாடுகாத்தான்: நஷ்டப்பட்ட அரசு வங்கிகளுக்குப் பணம் போட்டதும் இலவசம்தானே?

இதில் நான் உங்கள் கட்சி இல்லை. இந்தியன் ஓவர்சீஸ் பாங்க்கையே எடுத்துக்கொள்ளுங்கள், 1937 பிப்ரவரி 10 அன்று காரைக்குடி, சென்னை, ரங்கூன் என்று மூன்று ஊரிலும் ஒரே நாளில் கதவு திறந்த வங்கி. 2015-லிருந்து 2021 வரை ரிசர்வ் வங்கியின் கட்டுப்பாட்டுப் பட்டியலில் கிடந்தது, அரசு பணம் போட்டுத்தான் எழுந்தது. 2017 அக்டோபரில் அரசு வங்கிகள் எல்லாவற்றுக்குமாக அறிவித்தது 2.11 லட்சம் கோடி. போடாமல் விட்டிருந்தால் வீட்டு ஆச்சிகளின் டெபாசிட் என்ன ஆகியிருக்கும்? போட்டது சரி. அதற்கு 'மறுமூலதனம்' என்று மரியாதையான பெயர் வைத்தவர்கள் 600 ரூபாயைப் பற்றிப் பேசும்போதும் அதே மரியாதையோடு பேசலாம், அவ்வளவுதான் என் வருத்தம்.

கே.எல்., பள்ளத்தூர்: எல்லாக் கட்சியும் ஒன்றுதானா?

2022 ஜூலையில் பிரதமர் இலவசங்களை 'ரேவ்டி' என்று கிண்டலடித்தார், வடக்கே எள்ளு மிட்டாய்க்கு அந்தப் பெயர். 2024-ல் மகாராஷ்டிரத்தில் அவருடைய கூட்டணி அரசே பெண்களுக்கு மாதம் 1,500 கொடுக்க ஆரம்பித்தது. நம் கண்டனூர்க்காரர் ப. சிதம்பரம் 2006-07 பட்ஜெட்டோடு, வரிச் சலுகையால் எவ்வளவு போகிறது என்று 'விட்டுக்கொடுத்த வருவாய்' அறிக்கை வைக்கத் தொடங்கினார். நல்ல காரியம், ஆனால் சலுகைகள் அதற்காக நின்றுவிடவில்லை. அப்புறம் வந்தவர்கள் அறிக்கையின் பெயரை மட்டும் 'வருவாய்த் தாக்கம்' என்று மாற்றிக்கொண்டார்கள். சென்னையில் இருப்பவர்களோ மேடைக்கு மேடை சமூகநீதி பேசுவார்கள். அந்த 600 மட்டும் நகரவே நகராது.

டி., புதுவயல்: வேலை கிடைத்தால் இதுவரை வாங்கிய உதவித்தொகையைத் திருப்பிக் கட்ட வேண்டுமா?

வேண்டாம் தம்பி. வேலை கிடைத்ததை அலுவலகத்தில் சொல்லிவிடு, தொகை நிற்கும். கிடைக்கும்வரை மூன்று வருடத்துக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க மறக்காதே. பாஸ்புக்கை மட்டும் நல்ல ஜெராக்ஸ் கடையில் எடு.