குழந்தை பேசக் கற்றுக்கொள்வதில், தன் குரலைத் தானே கேட்பதற்கு என்ன பங்கு இருக்கிறது?

பெரும் பங்கு இருக்கிறது. குழந்தைகளுக்குப் பேச்சுப் பயிற்சி அளிப்பவள் என்பதால் இதை அன்றாடம் காண்கிறேன்.

பிறர் பேசுவதைக் கேட்டுத்தான் குழந்தை பேசப் பழகுகிறது என்று பலரும் எண்ணுகிறார்கள். அது பாதி உண்மைதான். கேட்ட ஒலியை எழுப்ப நாக்கை எங்கே வைக்க வேண்டும் என்பதைக் கைக்குழந்தைக்கு யாரும் சொல்லித்தர முடியாது. வாய்க்கு வந்தபடி ஒலியெழுப்பி, அது தன் காதில் எப்படி விழுகிறது என்று கேட்டு, சிறிது சிறிதாகத் திருத்திக்கொண்டுதான் அது தெளிவான உச்சரிப்புக்கு வந்து சேர்கிறது. நன்றாகக் காது கேட்கும் குழந்தைகள் பெரும்பாலும் 6 முதல் 10 மாதங்களுக்குள் 'பாபாபா', 'மாமாமா' என்று அசைகளை அடுக்கத் தொடங்கிவிடும். பிறவியிலேயே காது கேளாத குழந்தைகளும் முதல் சில மாதங்களில் குரல் எழுப்பும். ஆனால் இந்த அசையடுக்கு அவற்றுக்கு மிகவும் தாமதப்படும். 'சத்தம் போடுகிறதே, காது கேட்காமலா இருக்கும்?' என்று வீட்டார் பரிசோதனையைத் தள்ளிப்போடுவது எனக்குக் கவலை தருவது இதனால்தான்.

பேச்சு கைவந்த பெரியவர்களுக்கும் காதின் இந்தக் கண்காணிப்பு ஓய்வதில்லை. ஒருவருடைய குரலையே நொடியில் ஐந்தில் ஒரு பங்கு தாமதித்து அவர் காதில் ஒலிக்கச் செய்தால், சரளமாகப் பேசுபவர்கள்கூடப் பெரும்பாலும் திக்கித் தடுமாறுவார்கள்.

காது நன்றாகக் கேட்டும் உச்சரிப்பு தெளியாத பிள்ளைகளுக்கு, வளைந்த பிளாஸ்டிக் குழாய்த் துண்டுகளான பிவிசி எல்போக்கள் இரண்டை இணைத்து, ஒரு முனையை வாயருகிலும் மறுமுனையைக் காதருகிலும் பிடித்துக்கொண்டு மெல்லப் பேசும்படி சொல்வேன். 'பள்ளி' என்பதைப் 'பல்லி' என்றே சொல்லிவந்த பிள்ளை, குழாய் வழியே தன் குரல் பெரிதாகக் கேட்டதும் சற்று நிறுத்தி, நாக்கை உள்ளே மடித்து, நான் எதுவும் சொல்லாமலே மறுபடி முயல்வதைப் பார்த்திருக்கிறேன்.

காது கேட்கும் கருவியோ, அறுவை சிகிச்சையால் உட்காதில் பொருத்திய பகுதியின் வழியே ஒலியை உணர்த்தும் காக்ளியர் கருவியோ அணியும் குழந்தைகளின் பெற்றோரிடம் இரண்டு வேண்டுகோள்கள் உண்டு. காலையில் கருவியை மாட்டியதும், உங்கள் வாயை மறைத்துக்கொண்டு ஆ, ஊ, ஈ, ம், ஷ், ஸ் ஆகிய ஆறு ஒலிகளையும் ஒவ்வொன்றாகச் சொல்லி, குழந்தை எதற்குத் திரும்புகிறது, எதைத் திருப்பிச் சொல்கிறது என்று பாருங்கள். 'ஸ்' காதில் விழாத குழந்தையின் பேச்சில் அந்த ஒலி பெரும்பாலும் விடுபட்டுப்போகும். அடுத்தது, பயிற்சி வகுப்புக்கு மட்டும் கருவியை மாட்டிவிட்டு, வீட்டுக்கு வந்ததும் கழற்றிப் பெட்டியில் வைக்காதீர்கள். பொம்மையோடு தனியே உட்கார்ந்து ஏதேதோ பிதற்றிக்கொண்டிருக்கும் நேரத்தில்தான் குழந்தை தன் குரலை விரும்பியபடியெல்லாம் மாற்றி மாற்றிக் கேட்டுப் பார்க்கிறது. அப்போதும் கருவி காதில் இருக்க வேண்டும்.